ச எந்த விரலில்

ஜூன் 4, 1982

பாரஸ்ட் ஆபீசில் ஒரே பலாப்பழ வாசனை. யாரோ ரிகார்டு அறையில் பழுக்க வைத்திருக்கிறார்கள். யார் என்று ரேஞ்சர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும்.

சாயங்காலம் சக்கரவர்த்தி தையல்கடையை மூடிவிட்டுத் தபேலாவோடு வந்தான். நாலு பாட்டு பார்த்தோம். வீட்டுக்காரி மங்கம்மாள் அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டே பாடினாள். ஒரு இடத்திலும் தவறவில்லை. தவறினது நான்தான். அவள் பாடுகிற மெட்டையே நானும் வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று, ரேடியோவில் வருகிற மாதிரி மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்திக் கார்ட் வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஹார்மோனியத்தின் மேல் கை எகிறிக் குதிக்க வேண்டியிருக்கிறது.

"பாட்டு கேக்கல தீர்த்தகிரி, உன் கை தாவறதுதான் கேக்குது" என்றான் சக்கரவர்த்தி.

பதினாறு வருஷம் ஹார்மோனியம் வாசிக்கிறவனுக்கு ரவிக்கை தைக்கிறவன் சொல்கிறான். சொன்னது சரியாகவும் இருக்கிறது.

ஜூன் 19

ஆபீஸ் வேலையாகத் திருப்பத்தூர். பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. பியானோ பாடம். அட்டை இல்லை, முதல் முப்பது பக்கமும் இல்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் "இன்வர்ஷன்" என்று ஆரம்பிக்கிறது. அகராதியில் "தலைகீழாக்கல்" என்று போட்டிருக்கிறது. நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். என் படிப்பு எல்லாமே இப்படி நடுவில் ஆரம்பித்ததுதான்.

ஜூன் 23

புரிந்துவிட்டது!

ச-க-ப ஒரு கார்ட். ச பெருவிரலில். சரி. அந்த ச-வைத் தூக்கி மேலே வைத்தால் க-ப-ச. இப்போது ச சுண்டு விரலில். க-வையும் தூக்கி மேலே வைத்தால் ப-ச-க. ச நடு விரலில். மூன்றும் ஒரே கார்ட். ஆள் அதேதான், உட்காருகிற இடம்தான் மாறுகிறது. இதைச் சொல்ல அந்த வெள்ளைக்காரனுக்கு ஒன்பது பக்கம் வேண்டியிருந்தது.

ஜூலை 2

கை தாவுவதற்குக் காரணம் கண்டுபிடித்தேன். எல்லாக் கார்டையும் அதன் முதல் சுரத்தை அடியில் வைத்தே வாசித்துக்கொண்டிருந்தேன். ச-க-ப முடிந்ததும் ம-த-ச பிடிக்க ஓடுவேன். ஓடவே வேண்டாம். அதையே ச-ம-த என்று வைத்தால் பெருவிரல் இருந்த இடத்தில் இருக்கிறது, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன. ப-நி-ரி வேண்டுமா? நி-ரி-ப. சுண்டு விரல் அசையவில்லை.

இரண்டு மணி நேரம் வாசித்தேன். கை ஒரு சாண் இடத்தை விட்டு நகரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூலை 11

சக்கரவர்த்திக்கு விளக்கினேன். பியூன் முனிசாமிக்கும் விளக்கினேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான்.

மங்கம்மாள் சாமை புடைத்துக்கொண்டே, "தெனமும் அதையே நோண்டிகினு இருக்கீங்களே, இன்னாதான் அது?" என்றாள். சொன்னால் உனக்குப் புரியாது என்றேன். முறத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 25

மைத்துனன் அர்ச்சுனன் சந்தவாசலிலிருந்து வந்திருந்தான். மூன்றாம் ஆடி வெள்ளிக்கு அங்கே அம்மன் கோயிலில் எங்கள் கச்சேரி. "அக்காதான் பாடணும்னு ஊர்ல சொல்லிட்டேன் மாமா."

மங்கம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமாகி இந்த ஜமுனாமரத்தூர் மலைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் பிறந்த ஊரில் அவள் ஒரு தடவையும் பாடியதில்லை. மைக் பிடித்துப் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டு அவள் சித்தி சாந்தம்மாள், "குடும்பப் பொம்பளைக்கு இது தேவையா" என்று சொல்லியனுப்பியது எனக்கும் தெரியும். அந்தச் சித்தி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் இவளுக்கு. அரக்குப் புடவையா பச்சையா என்று இப்போதே கேட்கிறாள்.

ஆகஸ்ட் 1

ஒத்திகை. எல்லாப் பாட்டும் சுத்தம். முதலில் பாடுகிற பிள்ளையார் விருத்தத்தை மட்டும் பார்க்கவில்லை. அதை ஒத்திகையில் பாட மாட்டாள். விளக்கு ஏற்றி, கற்பூரம் காட்டின பிறகுதான் வாயில் எடுப்பாள். ஒத்திகைக்கென்று கூப்பிட்டால் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு போவாராம். பரவாயில்லை. விருத்தத்துக்குத் தாளமும் இல்லை, பின்னால் வாசிப்பதும் இல்லை. நான் ஒரு தடவை சுருதி காட்டினால் போதும், அவள் பாட்டுக்குப் பாடிவிடுவாள்.

ஆகஸ்ட் 6

சந்தவாசல். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7

எழுதிவிடுகிறேன்.

விளக்கு ஏற்றினார்கள். மங்கம்மாள் என்னைப் பார்த்தாள். சுருதி காட்டத் தனியாக ச-வை அழுத்துவதுதான் பதினாறு வருஷ வழக்கம். நேற்று எனக்கு அது போதவில்லை. ச-வை மேலே வைத்தால் லேசாக, அழகாகக் கேட்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. க-ப-ச வாசித்தேன். அழகாகத்தான் கேட்டது.

எங்கள் பக்கத்தில் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்: பெட்டியில் அடியில் கேட்பதுதான் ச. அடியில் நான் க-வை வைத்திருந்தேன். அவளுடைய சுருதி ஐந்து கட்டை. அதன் க இருப்பது ஏழு கட்டையில். அவள் இரண்டு கட்டை மேலே, ஏழில் எடுத்துவிட்டாள்.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விருத்தத்தில் குறுக்கே வாசிக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் படி ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனாள். மூன்றாம் வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. விடாமல் இன்னொரு தடவை எடுத்தாள். இன்னொரு தடவை உடைந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, சித்திதான்.

மங்கம்மாள் மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். மைக் செட்காரர் ரிகார்டு போட்டார். "அக்காவுக்குத் தொண்ட கட்டிகிச்சி" என்று அர்ச்சுனன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள்.

காலை பஸ்சில் ஒரே ஒரு வார்த்தை: "நீங்க குடுத்ததுலதான் எடுத்தேன்."

நான் கொடுத்தது ஐந்து கட்டைதான் என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆகஸ்ட் 9

புத்தகத்தை மறுபடியும் பார்த்தேன். க-ப-ச முழுக்க முழுக்கச் சரி.

ஆகஸ்ட் 29

ஒத்திகை என்று சக்கரவர்த்தி வந்தான். தலைவலி என்றாள். போன வாரமும் தலைவலிதான்.

அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை. வீட்டில் பாத்திரச் சத்தம் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

செப்டம்பர் 12

சக்கரவர்த்தியிடம் போய் நியாயம் கேட்டேன். கார்ட் சரியா தப்பா, நீயே சொல் என்றேன். அவன் காஜா எடுத்துக்கொண்டே சொன்னான்: "புஸ்தகத்துல படிச்சத எனுக்குச் சொன்ன. பியூனுக்குச் சொன்ன. பாடறவளுக்குச் சொன்னியாப்பா?"

இல்லை.

அவனிடம் ஒரு பேன்ட் துணி தைக்கக் கொடுத்திருந்தேன். அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3

மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. இன்வர்ஷன் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தேன். ஹார்மோனியத்தை எடுத்து வைத்து, அன்றைக்கு ச கீழே இல்லை, மேலே சுண்டு விரலில் இருந்தது, இதோ பார் என்று வாசித்தும் காட்டினேன். அரை மணி நேரம் பேசினேன். தப்பு என்னுடையது என்பதைக் கடைசி வரியில் சொன்னேன்.

"அத மொதல்லியே சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். எதை முதலிலேயே என்று கேட்கப் பயமாக இருந்தது.

நவம்பர் 14

பத்து நாளாக மழை. ரீடெல்லாம் ஈரம். ஹார்மோனியத்தைத் திறக்கவே இல்லை. அதுவும் பேசவில்லை, இவளும் பேசவில்லை.

இப்படியே பாடாமல் இருந்துவிடுவாளோ? அப்படி இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? கார்ட் வாசிக்கலாம். மூன்று விதமாகவும் வாசிக்கலாம். யாருக்கு?

டிசம்பர் 19

சக்கரவர்த்தியின் அக்கா மகள் ரஞ்சிதத்துக்குத் தை மாதம் கல்யாணம். இங்கே ஜமுனாமரத்தூரில்தான். முதல் நாள் பெண் அழைப்புக்குக் கச்சேரி வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்காமல் நேராக மங்கம்மாளிடம் போய்க் கேட்டிருக்கிறான். பாடுகிறேன் என்றாளாம். எனக்கே அவன்தான் வந்து சொன்னான்.

பேன்ட்டும் தைத்துக் கொண்டுவந்தான். இடுப்பு சரியாக இருக்கிறது.

ஜனவரி 16, 1983

ஒத்திகை. ஐந்து மாதத்துக்கப்புறம் பாடினாள். குரலில் ஒரு துளியும் குறையவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதனால்தான்.

விருத்தம் வழக்கம்போல் பார்க்கவில்லை. ஆனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கு க-ப-ச வேண்டாம். ச-க-ப. ச அடியில், பெருவிரலில், அவளுடைய பழக்கப்படி. கார்டும் ஆச்சு, அவளுக்கும் சுலபம். இதை அவளிடம் சொல்லப் போவதில்லை. சொல்லிக் காட்டாமல் செய்வதுதான் பெருந்தன்மை. அவளாகப் புரிந்துகொள்ளட்டும்.

ஜனவரி 26

பந்தலில் நல்ல கூட்டம். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். விளக்கு ஏற்றினார்கள். மங்கம்மாள் என் கையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ச-க-ப வாசித்தேன். சாமிக்குப் பூப் போடுகிற மாதிரி வாசித்தேன்.

அவள் எடுத்தாள்.

இரண்டு கட்டையில் எடுத்தாள். ஆம்பிளைக் குரலுக்கான சுருதி. முதல் வரி பாதியில் பாட்டு தரைக்குக் கீழே போய்விட்டது. குரல் இருக்கிறதா, காற்று மட்டும் வருகிறதா என்று தெரியவில்லை. மறுபடியுமா? இந்தத் தடவை நான் என்ன செய்தேன்?

பாட்டை நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். என் பக்கம் திரும்பினாள். மைக் கையில்தான் இருந்தது.

"இன்னா வாசிச்சீங்க?"

"ச-க-ப" என்றேன்.

"ஏன்?"

"உனக்கு சுலபமா இருக்கட்டும்னு."

"மேல இருக்கறதுதான் ச-ன்னு நெனச்சி நான் மேல இருந்து எடுத்தேன்யா! நீ ஆபீஸ் போனப்புறம் பொட்டிய எடுத்து வெச்சிகினு, மூணு மாசமா அதத்தான் கத்துகினேன், உனக்காவ!"

ச-க-ப-வில் மேலே இருப்பது ப; ஐந்து கட்டைக்கு அது இரண்டு கட்டை. அவள் ப-வை ச என்று எடுத்திருக்கிறாள். மேலே எட்டாததால் கீழே பிடித்திருக்கிறாள். கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் என்னை "யா" போட்டுப் பேசியிருக்கிறாள், அதை ஜமுனாமரத்தூர் முழுக்கக் கேட்டிருக்கிறது.

"சொல்லியிருக்கலாமில்ல" என்றேன்.

"நீ சொன்னியா?"

பந்தலே சிரித்தது. சக்கரவர்த்தி தபேலாவின் மேல் கவிழ்ந்து சிரித்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இதுவும் கச்சேரியில் சேர்த்திதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். மங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"சுண்டு வெரல்ல வைங்க" என்றாள்.

க-ப-ச வைத்தேன். மேலே இருந்து ச-வைக் கொத்தி எடுத்தாள். ஐந்து கட்டை. விருத்தம் முழுக்கப் பாடினாள்.

பிப்ரவரி 9

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, எந்த விரலில் வைக்கிறேன் என்று சொல்லாமல் கார்டை மட்டும் வாசிக்கிறேன். அவள் ச-வைப் பாட வேண்டும், பாட்டு இல்லை, ச மட்டும். பெருவிரலும் சுண்டு விரலும் தவறுவதே இல்லை. நடு விரல் பத்துக்கு ஆறு. இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்போது நடுவில் இருக்கிறவனைக் கண்டுபிடிப்பது சிரமம்.

இன்றைக்கு என்னை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள். அவள் வாசித்தாள், நான் பாடினேன். எனக்குப் பத்துக்கு மூன்று.

ஆகஸ்ட் 5

சந்தவாசல். இந்த ஆடி வெள்ளிக்கு அர்ச்சுனன் கூப்பிடத் தயங்கியிருக்கிறான். இவளாகவே தபால் கார்டு போட்டுக் கச்சேரி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

விளக்கு ஏற்றினார்கள். சித்தி முன்வரிசையில், காலை நீட்டிக்கொண்டு. நான் மங்கம்மாள் பக்கம் சாய்ந்து, "பெருவிரல்" என்றேன். இருப்பதிலேயே பயமில்லாதது அதுதான்.

அவள் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "நடு வெரல்ல வைங்க."

"இங்கியா?"

"இங்கதான்."

வைத்தேன். கீழே ப, மேலே க. அவள் கண்ணை மூடவில்லை. சித்தியைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

ஐந்து கட்டை.