பூட்டியதாகச் சொல்லும் கதவு

என் அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் வான் வண்டி தோட்டவெளி ஊரில் என் வயரிங் கடை வாசலில் நிற்கிறது. பின்கதவு பூட்டியிருப்பதாக டாஷ்போர்ட் சொல்கிறது. நான் நம்பவில்லை.

உங்கள் ஆத்துமாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமைதான் இது தொடங்கியது. முற்றத்தில் ஆளில்லாமல் நின்ற வானின் பின்கதவு தானாக மேலே எழும்பியது. நீங்கள் விடத்தல்தீவிலிருந்து மீனோடு வந்து பெட்டி இறக்குகிற நேரம் அது. அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அவர் வந்திட்டுப் போறார்" என்றார். உங்கள் மகள் ஜெனி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதாதா? மீன்பெட்டிக்காக நீங்கள் கடைசி இருக்கையைக் கழற்றிய இடத்தில், அந்தக் கதவில் முதுகு சாய்த்துத்தான் இப்போதெல்லாம் இருக்கிறாள்.

போன ஞாயிறு மன்னார்ப் பாலத்தில், ஓடுகிற வானில் கதவு திறந்தது. நல்லகாலம், பிள்ளை அண்ணியின் மடியில் நித்திரை. அவளுடைய உடுப்புப் பை மட்டும் கடலுக்குள் போனது.

மீற்றரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பற்றரி நல்லம். கூரையிலிருந்து கதவுக்குப் போகிற வயர் ஒன்றும் அறவில்லை. பூட்டைக் கழற்றினால் உள்ளே மண். காவலுக்கென்று மடு மாதா கோயில் மண்ணை அண்ணி தூவியிருக்கிறார். பாம்பு அண்டாமல் வீட்டில் வைக்கிற மண்ணைப் பூட்டுக்குள் போட வேறு எந்த ஊராருக்குத் தோன்றும்?

உங்கள் மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீரை அந்த மண் குடித்து, சுவிச்சோடு ஒட்டிப் பச்சை பிடித்திருந்தது. கொளுக்கி பாதியில் நிற்கும்போதே, முழுதாகப் பூட்டியாயிற்று என்று சுவிச் பொய் சொல்கிறது. மோட்டாரும் அதை நம்பி இழுப்பதை நிறுத்துகிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. வெளிக் கைபிடியின் சுவிச்சிலும் அதே உப்புத்தான். முற்றத்தில் தானாகத் திறந்தது அதனால்.

எல்லாம் கழுவித் துடைத்தேன். நான் பார்க்கும்போது ஒழுங்காகப் பூட்டுகிறது. அதுதான் எனக்குப் பயம். அரித்த சுவிச்சை இனி நம்ப முடியாது; புதுப் பூட்டு கொழும்பிலிருந்து வரவேண்டும்.

"பூட்டு வந்தாப்பிறகு மடுவுக்குப் போவம் அண்ணி," என்றேன்.

"இல்லைத் தம்பி, நாளைக்குத்தான் நேர்த்திக்கடன். அவற்ற வானிலதான் போகவேணும். மாதா பாத்துக்கொள்ளுவா."

உங்களைக் கட்டிய ஆள், பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? வலைக்கயிற்றால் கதவை உள்ளிருந்து இறுக்கிக் கட்டினேன். இன்று பின்னேரம் போய்ப் பார்த்தால் முடிச்செல்லாம் அவிழ்ந்திருந்தது. ஜெனி கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கதவோடு சாய்ந்திருந்தாள்.

"ஏன் பிள்ளை அவிட்டனீ?"

"கட்டிக் கிடந்தா அப்பா எப்பிடி வாறது, சித்தப்பா?"

அது உப்பும் மண்ணும்தான் அண்ணா, என் கையால் கழுவினேன். ஆனாலும் கேட்கிறேன், ஒருவேளை நீங்கள்தான் என்றால் நாளைக்கு அந்தப் பாலத்தில் வராதீர்கள். காற்று பலமாக இருக்குமாம்.

கயிற்றைத் திரும்பவும் கட்டிவிட்டேன். நாளை வானை ஓட்ட வேறு ஆள் பிடித்திருக்கிறேன்; கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் இருப்பேன். பாலம் தாண்டும்வரை அவளைப் பிடித்த கையை எடுக்கமாட்டேன். நீங்களே வந்து கேட்டாலும் தரமாட்டேன்.

உங்கள் ஒரே தம்பி,
ஜெனியின் சித்தப்பா