உங்கள் மகன் நாக்கில் வைத்த கல்கண்டு

முதலில் விரலை வைத்தவர் நீங்கள்தான் மச்சான், நான் இல்லை. செத்துப்போய்விட்டதால் வழக்கு தீர்ந்துவிட்டது என்று படத்துக்குள் இருந்துகொண்டு அப்படி முறைக்காதீர்கள். உயிரோடு இருந்தபோதே அந்த முறைப்புக்கு நான் பயந்ததில்லை.

இன்றைக்கு உங்கள் வருஷத் திதி. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டில் கல்கண்டு வைத்து நீட்டினார்கள். ஒரு துண்டை வாயில் போட்டேன், பழசெல்லாம் கிளம்பிவிட்டது. அதனால்தான் உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் படத்துக்கு நேராக உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுத வரும். பக்கத்தில் உங்கள் மகன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்கட்டும். அவன் கதைதான் இது.

ஐம்பதுகளில் ஒரு தை மாதம், தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற முறைப்படி, நாமக்கல் பக்கத்தில் இருந்த உங்கள் வீட்டில் என் மகன் பிறந்தான். சேனை வைக்க என் அப்பா வருவதாகப் பேச்சு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று நம்பிய ஊர். நீங்களும் தலையாட்டியிருந்தீர்கள்.

அப்பா பாரவண்டி ஓட்டியவர். மாட்டை ஒரு நாளும் அடித்ததில்லை. நாக்கைச் சொடக்குவார், கேலி பேசுவார், அதிலேயே மாடு நடக்கும். சங்ககிரியிலிருந்து வண்டி கட்டி வந்து, உங்கள் வாசலில் கால் கழுவி, வேட்டி முந்தியில் முடிந்திருந்த கல்கண்டை அவிழ்க்கப் போனார்.

"சேனை வெச்சாச்சுங்க மாமா. புள்ள அழுதுச்சு, நானே வெச்சுட்டனுங்க" என்றீர்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பல்தான் இல்லை.

உள்ளே நடந்ததை உங்கள் தங்கை பிறகு என்னிடம் சொன்னாள். "புள்ள அழுகவே இல்லீங்க. வண்டிக்காரப் புத்தி இவனுக்கு எதுக்குன்னு சொல்லித்தான் அண்ணன் வெச்சாரு."

அது தெரிவதற்கு முன்பே, அன்றைக்கு வாசலில் நின்று உங்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அப்பா கல்கண்டை ஒரு துணியில் முடிந்து என் கையில் திணித்தார். "வெச்சுக்கோ சாமி. அடுத்ததுக்கு ஆகும்." நான் திட்டி முடிப்பதற்குள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நாக்கைச் சொடக்கியபடி வண்டியைப் பார்த்து நடந்துவிட்டார். உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்தது எங்களுக்குப் பிறக்கவே இல்லை. அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார். முடிச்சு மட்டும் என் பெட்டியில் கிடந்தது.

என் மகனோ உங்களைப் போலவே வளர்ந்தான். அவனைச் சிரிக்க வைக்க நான் குட்டிக்கரணம் அடித்தாலும், "விழுந்துருவீங்கப்பா" என்பான். என் வீட்டிலேயே, என் சோற்றைப் போட்டே, உங்களை நான் வளர்த்தேன் மச்சான். இதைச் சும்மா விடவா முடியும்?

அறுபதுகளில் நெடுநாள் கழித்து உங்கள் வீட்டில் விசேஷம் என்றார்கள். பயந்துபோய்ச் சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். பையன் பிறந்தான். நாக்கில் எதையும் வைக்கக் கூடாது என்று சிஸ்டர் விரலை ஆட்டிச் சொன்னதும் நீங்கள் கைகட்டி நின்றீர்கள். எனக்குத் தெரியும், அது பயம் இல்லை, கணக்கு. ஊரில் ரைஸ்மில் முதலாளி வெள்ளிக் கிண்ணமும் தேனுமாகக் காத்திருந்தார். அவர் புத்தி உங்கள் பையனுக்கு வேண்டியிருந்தது.

நீங்கள் பஸ் விசாரிக்கப் போன நேரம், அப்பாவின் முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு நான் உள்ளே வந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு வேதக்காரக் குடும்பம். சேலத்துக்காரர், லாரிப் பட்டறையில் வேலை. நல்ல வாய்.

"உங்கள்ல சேனை உண்டுங்களா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஞானத்தகப்பன்தாங்க. கோயில்ல சாமியார் தண்ணி ஊத்தறப்ப புள்ளைக்குப் பதிலா அவர்தான் பேசுவார்."

"அப்ப அவரு புத்தி புள்ளைக்கு வருமுங்களா?"

"புத்தி எங்கீங்க வருது? பண்டிகைக்குச் சட்டை வரும்."

அவரிடம் முடிச்சைக் காட்டி அப்பா கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் சிரிப்பை நிறுத்தினார். நேராகப் போய் சிஸ்டரை வழிமறித்து, ஞானஸ்நானம் எந்த ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார். சிஸ்டரை அந்தப் பக்கம் திருப்பியும் விட்டார்.

உங்கள் சம்சாரத்துக்குக் கதை முழுக்கத் தெரியும். பையனை அவரே என் பக்கம் நீட்டினார். "வெய்யுங்கண்ணா. ஊட்டுக்கு ஒரு இவரு போதும்."

கல்கண்டை நனைத்துத் தொட்டு வைத்தேன். என் பெயரை நினைக்கவில்லை, அப்பா பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். பையன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

ஊரில் மில் முதலாளி தேன் வைத்தபோது எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவன் நான். "மாப்பிள்ளைக்கு எத்தனை சந்தோசம் பாருங்க" என்று நீங்களே மெச்சிக்கொண்டீர்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஐந்து வயதில் பையன் உங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் இருமலை இருமிக் காட்டி, மாரியம்மன் நோம்பிக் கூட்டத்தையே சிரிக்க வைத்தான். நீங்கள் என்னிடம் வந்து, "ஏனுங்க மாப்பிள்ளை, இவனுக்கு எங்கிருந்துங்க இந்தப் புத்தி?" என்றீர்கள்.

"சேனை வெச்ச மில்லுக்காரரைத்தானுங்க கேக்கோணும்" என்றேன்.

கேட்டே விட்டீர்கள்! அவர் கோபித்துக்கொண்டு, உங்கள் நெல்லை இனி அரைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு சங்ககிரி வரைக்கும் வந்தீர்கள் மச்சான். அந்த வண்டி என் வீட்டைத் தாண்டியபோது நான் வாசலில் நின்று நாக்கைச் சொடக்கினேன். மாடு திரும்பிப் பார்த்தது. நீங்கள் பார்க்கவில்லை.

கடைசிப் படுக்கையில் உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அப்போதும் "மில்லுக்காரன் கெடுத்துப்போட்டான்" என்றுதான் முனகினீர்கள். சரி, அந்த நினைப்போடே போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரக்கம் இல்லை மச்சான். பழத்தை நன்றாகப் பழுக்க விட்டேன்.

இப்போது பழுத்துவிட்டது. துணி முடிச்சை இன்றைக்கும் மடியில் வைத்திருக்கிறேன். ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, அழுக்குப் படிந்து மஞ்சளாக. அதை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, மச்சான், என் அப்பா அன்றைக்கு உங்கள் வாசலில் நின்றபோது அவர் மனசு என்ன பாடு...

பட்டிருக்கும் என்று எழுத வந்தேன், அதற்குள் உங்கள் மகன் எழுந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொள்கிறானா, சிரிக்கிறானா, தெரியவில்லை.

"எங்கடா சாமி போற? இன்னும் முடியல."

"மிச்சத்தை அப்பாகிட்டயே சொல்லுங்க மாமா. அவருதான் இனி எந்திரிச்சுப் போக மாட்டாரு."

கேட்டீர்களா மச்சான்? என் அப்பாவை அவன் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறான். இதோ, நாக்கைச் சொடக்குகிறான்.