உள்மடிப்பு

செவ்வாய்க்கிழமை. பள்ளி திறக்க இன்னும் ஆறு நாள்.

இன்று மகளைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிறந்ததிலிருந்தே அவளுக்கு நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாய் குறுகலாக இருக்கிறது. அதை விரிக்க உள்ளே ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைக்க வேண்டுமாம். டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. அது பெரியவர்களின் கால் இரத்தக்குழாய்க்கென்று செய்ததாம். குழந்தைகளுக்கென்று இதில் எதுவும் சரியாகக் கிடைப்பதில்லையாம். பல் துலக்கும் பிரஷைக்கூடக் குழந்தைக்கென்று தனியாக விற்கிறார்கள். இதற்கு மட்டும் இல்லை.

அதனால் தனியாக ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். அன்னவாசலில் இருபது வருடமாகத் துணி தைக்கிற எனக்கு ஒரே கேள்விதான் வந்தது.

"புள்ள வளந்தா பிரிச்சு விடலாமாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "பலூன் வச்சுக் கொஞ்சம் பெருசாக்கலாம். எம்புட்டு தூரத்துக்குன்னு இப்பவே சொல்ல முடியாதுங்க. ஆனா வைக்காம விடுறது அதைவிட ஆபத்து."

கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய யூனிபார்ம் பாவாடையை எடுத்து உட்கார்ந்தேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வளர்த்திக்கென்று நாலு விரல் உள்ளே மடித்துத் தைப்பேன். இவளுக்கும் நாலு விரல்தான் அளந்து மடித்தேன். பிறகு பிரித்து, எட்டு விரலாக மடித்தேன்.

மனைவி பார்த்துவிட்டாள். "இம்புட்டு எதுக்குங்க? கனமாத் தொங்குமே."

"வளருவாள்ல," என்றேன்.

அவள் ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தாள்.