வால்வு இல்லை, மச்சான்

என் உயிரான மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கிற கபுறடிக்குப் பொஞ்சாதி வந்து நிற்பதை ஊர் விரும்பாது. அதனால் சலாமை எழுதி அனுப்புகிறேன். ஊரும் படிக்கட்டும்.

முதலில் செய்தி. சாய்ந்தமருதில் நம் வீட்டு முன்வளவில் கராஜ் திறந்துதான் இருக்கிறது. மூடிவிட்டார்கள் என்று யாரும் அங்கே வந்து சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் மவுத்தான அன்று சுதாகரனின் சிவப்பு மோட்டார் சைக்கிள் கராஜின் நடுவில், டேங்க் கழற்றியபடி நின்றது. காரைதீவில் வயல் செய்கிற குடும்பத்துச் சுதாகரன்தான். வேளாண்மை வெட்டி முடிந்ததும் அந்த நாலு சிலிண்டர் பைக்கை எடுத்துக்கொண்டு பொத்துவில் வரை போய்வராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நின்ற இடத்தில் உதறுகிறது, மெதுவாகப் போனால் இழுத்து இழுத்து விடுகிறது என்று கொண்டுவந்திருந்தார். நீங்கள் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “வால்வு போச்சி தம்பி, எஞ்சினத் திறக்கணும்” என்றீர்கள். அன்று பின்னேரமே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட நீங்கள் உயிரோடு போய்ச் சேரவில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் நான் இத்தா இருந்த காலம் முழுக்க அந்த பைக் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. உங்களுக்காக யாசீன் ஓதுவேன். ஓதி முடித்துக் கிதாபை மூடியதும் அந்த எஞ்சினை நினைப்பேன். அது பாவமா மச்சான்?

இத்தா முடிந்த கிழமையே உங்கள் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், வந்தார். கூடவே அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர், நம் கராஜ் சாமான்களை விலை பேச.

“துருப்புடிச்சிப் போக முன்ன எல்லாத்தையும் குடுத்திரு புள்ள,” என்றார் காக்கா. “சுதாகரன் பைக்கக் கொழும்புக்கு அனுப்பட்டும்.”

“ஏன் காக்கா? நான் செய்யிறன்.”

“நீயா? பொம்புள கராஜ் நடத்துறதா? ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் இவ்வளவு காலமும் நான் கழுவிப் பூட்டின காபரேட்டர்லதான் ஓடித் திரியிது. அப்ப கதைக்காத ஊர் இப்ப என்னத்தக் கதைக்கப் போகுது?”

காக்காவுக்கு அது புதுச் செய்தி. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? முன்னால் நீங்கள், திரைக்குப் பின்னால் நான். உங்கள் தடித்த விரல் நுழையாத இடத்துக்கெல்லாம் என் விரல் போனது. ஆட்கள் உங்களைப் புகழ்ந்துவிட்டுப் போனதும் உள்ளே வந்து, “உன்னத்தான்கா சொல்றாங்க” என்று சிரிப்பீர்கள். அதை ஒரு நாளாவது வெளியே நின்று சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை?

அவர்கள் பார்த்திருக்கவே அந்தத் திரையைப் பிடுங்கி, எண்ணெய்க் கறை படிந்த தரையைத் துடைத்தேன். “இது எனக்குத் தந்த சீதன வூடு காக்கா. இந்த வளவும் என்ட பேர்லதான் இரிக்கி. இங்க எது விக்கிற, எது வெச்சிருக்கிற எண்டு நான்தான் சொல்லணும்.” காக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “சரி, செஞ்சி காட்டு பாப்பம்,” என்றார். வாங்க வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

சுதாகரனைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “அண்ணன் வால்வெண்டு சொன்னவர் அக்கா. எஞ்சினத் திறக்கப்போறீங்களா?”

“முதல்ல நாலு வாயும் ஒத்துப் போகுதா எண்டு பாப்பம் தம்பி. திறக்கிறதப் பிறகு யோசிப்பம்.”

இதை ஒட்டுக்கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று விடும் வாய் ஒன்று உண்டு, அதற்குள் ஒரு சின்னக் கதவு. அந்த வாயைத்தான் த்ரொட்டில் பொடி என்கிறோம். நாலு கதவும் ஒரே அளவில் திறந்தால்தான் நாலு சிலிண்டரும் சேர்ந்து இழுக்கும். ஒன்று பிந்தினால் எஞ்சின் உதறும். எது பிந்துகிறது என்று காதால் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றும் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று காட்ட ஒரு கருவி வேண்டும்.

உங்களிடம் இருந்தது பாதரசக் கருவி. நாலு கண்ணாடிக் குழாயில் வெள்ளி போல ஏறி இறங்கும். “இதுக்கு மேல ஒண்டுமில்ல” என்பீர்கள். ஓம், அது பொய் சொல்லாது. ஆனால் ஒரு தடவை நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்க, எஞ்சின் பாதரசத்தையே உறிஞ்சிக்கொண்டதே! சிந்திய மிச்சம், நம் மகள் ஹனா தவழ்ந்த தரையில் மணி மணியாக உருண்டதே! நான் கத்தினேன். நீங்கள் கடதாசியால் கூட்டி அள்ளிவிட்டு மறுநாளும் அதையே எடுத்தீர்கள். இனி எடுக்க முடியாது. இறுக்கி அடைத்து, தொட வேண்டாம் என்று எழுதி, அலுமாரியில் பூட்டிவிட்டேன். கோபமா? கோபித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் பார்ட்ஸ் விற்கிற ஒருவருக்கு ஃபோன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும், “ஆம்பிள ஆரும் இருந்தா ஃபோனக் குடுங்க, விளங்கப்படுத்துறன்,” என்றார்.

“ஆம்பிள கபுறுல இரிக்காரு. என்னோட கதைங்க.”

பிறகு ஒழுங்காகக் கதைத்தார். மின்சாரக் கருவி ஒன்றை எடுக்கச் சொன்னார். நாலு உறிஞ்சலையும் ஃபோன் திரையில் நாலு கோடாகக் காட்டுமாம். ஆசையாகத்தான் இருந்தது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடற்காற்று எல்லாவற்றிலும் உப்பை ஏற்றுகிற ஊர் இது. ஒரு நாள் அது பிழையாகக் காட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? திறந்து பார்க்க இந்தக் கரையில் யார் இருக்கிறார்கள்? நான் சோதிக்க முடியாத ஒன்றை நம்பி இன்னொருவரின் எஞ்சினைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

“முள்ளு வெச்ச நாலு வட்டம் இரிக்கிதானே, அதச் சொல்லுங்க. முள்ளு நடுங்குமா?”

“நடுங்கும். ஒவ்வொரு குழாய்லயும் சின்னத் திருகி ஒண்டு இருக்கு. அத இறுக்கினா அடங்கிடும்.”

“நாலையும் ஒரே சிலிண்டர்ல மாத்தி மாத்தி மாட்டினா ஒரே இடத்துலதான் நிக்குமா?”

“அத இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்ல.”

அதையே அனுப்பச் சொன்னேன். கல்முனைக்கு பஸ்ஸில் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் நான் கேட்ட கேள்வியை நானே சோதித்தேன். என் பழைய ஸ்கூட்டரில் ஒவ்வொரு வட்டமாக மாட்டிப் பார்க்க, மூன்று ஒரே இடத்தில் நின்றன, ஒன்று மட்டும் மயிரிழை கீழே. எங்கே நின்றதோ அங்கே வெள்ளை மையால் கோடு போட்டேன். இப்போது அதன் பிழை எனக்குத் தெரியும். தெரிந்த பிழை ஒன்றும் செய்யாது.

சுதாகரனும் வந்தார், காக்காவும் வந்தார். எஞ்சினைச் சூடாக்கி, முன்னால் மின்விசிறியை வைத்து, குழாய்களை மாட்டினேன். மூன்று முள் பக்கம் பக்கமாக நிற்க, மூன்றாம் சிலிண்டரின் முள் மட்டும் விழுந்து கிடந்தது. அதன் ஸ்குரூவைத் திருப்பினேன். கொஞ்சம் ஏறிற்று, பிறகு வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போயிற்று.

“பாத்தியா? என்ட தம்பி சொன்னதுதான். வால்வு,” என்றார் காக்கா. “மவுத்தானவன்ட பேச்சுக்கு மேல போகாத புள்ள.”

இந்தக் கராஜில் நீங்கள் சொன்ன கடைசிப் பேச்சு அது. அதை நான் மாற்றினால் உங்களை இன்னொரு தடவை அடக்கம் செய்தது போலாகாதா? ஆனால் முள் என் முன்னால் நின்றது. வால்வு போயிருந்தால் அது ஒவ்வொரு அடிக்கும் துள்ள வேண்டும். திருகியைத் தளர்த்திப் பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி நடுங்கின, அது மட்டும் தனியாகத் துள்ளவில்லை. கீழே இருந்தாலும் நிதானமாக இருந்தது.

போத்தலில் தண்ணீர் எடுத்து, த்ரொட்டில் பொடியை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பரின் அடிப்பக்கம் பீச்சினேன். எஞ்சினின் குரல் மாறியது. தண்ணீர் ஏதோ வெடிப்பை அடைக்க, முள் சடாரென்று மேலே வந்தது.

“வால்வு இல்ல காக்கா. காத்து உள்ள போகுது. ரப்பர் அடியில வெடிச்சிரிக்கி.”

“அப்ப என்ட தம்பி பிழையாவா சொன்னான்?”

“ஓம். பிழையாத்தான் சொன்னாரு.”

சொல்லிவிட்டு அழுதேன் மச்சான். கையெல்லாம் எண்ணெய் என்பதால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. துக்கத்தால் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். துக்கம்தான். அதோடு, உங்களோடு சண்டை பிடிக்க முடியாத கோபமும்தான். நீங்கள் இருந்திருந்தால் அரை மணி நேரம் வாதாடிவிட்டு, குனிந்து பார்த்து, “சரிகா, நீ சொன்னதுதான்” என்றிருக்க மாட்டீர்களா?

புது ரப்பர் போட்டேன். நாலு ஸ்குரூவில் ஒன்று கம்பனியே அளவு வைத்தது, தொடக்கூடாது; அதை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதன் அளவுக்குக் கொண்டுவந்தேன். சுதாகரன் நிந்தவூர் வரை ஓடிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்: “அக்கா, டேங்குக்கு மேல தேத்தண்ணி வெச்சாலும் சிந்தாது.” காக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

சிலர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை வந்து, என்னைக் கண்டதும் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நான் கூப்பிடுவதில்லை. ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “பாஸ் இல்லையா?” என்றார். “நான்தான் பாஸ்,” என்றேன். யோசித்தார். பிறகு ஸ்டாண்டைப் போட்டார்.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அல்லாஹ்விடம் உங்களுக்குச் சுவர்க்கம் கேட்பேன், அதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். விடிய முன் சுபஹ் தொழுது எழுந்ததும் கராஜைத் திறப்பேன். காக்கா சொன்னாலும், ஊர் சொன்னாலும், நீங்களே கனவில் வந்து கெஞ்சினாலும் மூட மாட்டேன்.

உங்கள் பொஞ்சாதி,
ஹனாவின் உம்மா,
ஜெஸீமா