துப்பட்டாவில் இறங்கிய ராக்கெட்

ஜன. 18, ஞாயிறு
காலையில் பனி. மாடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. பரண் ஒழித்தபோது இவருடைய ஷார்ஜா சூட்கேஸுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. மேலே ராக்கெட் படம், வெளுத்துப்போய். அங்கே பழைய சாமான் கடையில் வாங்கியதாம். எங்கள் கல்யாணத்துக்கும் மூத்த பெட்டி. பிரிக்கவே இல்லை.

ஸ்ட்ரோக் வந்து ஊர் திரும்பியதிலிருந்து வாய்விட்டு எதுவும் கேட்காதவர், "அத இங்க கொண்டா ஜமீலா" என்றார். மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார், இடது கையால். வலது கை பக்கத்தில் கிடந்தது, யாருடையதோ போல.

ஜன. 20, செவ்வாய்
சிதம்பரம், பிசியோதெரபி. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "தாராளமா செய்யட்டும்மா. சின்னச் சாமானா எடுத்து வெக்கிறது வெரலுக்கு நல்லது" என்றார் டாக்டரம்மா.

வாங்கியது: பசை, உப்புத்தாள், பிளேடு, பெயிண்ட். கொத்தமல்லி மறந்துபோச்சு.

அஸர் தொழுகைக்குப் பிறகு பிரித்தோம். அட்டைக்குழல், பிளாஸ்டிக் மூக்கு, நாலு இறக்கை. ஷோகேஸ் பொம்மை இல்லையாம், அடியில் வெடிமருந்துக்குழல் வைத்தால் நிஜமாகவே பறக்குமாம். அவர் இடது கையால் பிடிக்க, நான் ஒட்டினேன். "அவசரப்படாத. பசை இழுக்கட்டும்."

பசை காயும்வரை பேசித்தானே ஆகவேண்டும். இவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காதாம். லீவுக்கு வரும்போதெல்லாம் எண்ணெய்க் கத்தரிக்காய் ஆக்கிப் போட்டேனே!

"ஏங்க சொல்லல?"

"ஆசையா ஆக்குன. எப்புடி சொல்றது?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே மேசையில் இவ்வளவு நேரம் இன்றுதான்.

ஜன. 25, ஞாயிறு
வெயில். மோசமான நாள், முக்கால்வாசி.

ராக்கெட்டின் எழுத்துகளெல்லாம் ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட வேண்டும். பழசு. நனைந்ததும் அப்பளம் மாதிரி சுக்கல் சுக்கலாகிவிட்டது. இவர் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளினார். "வுடு. எதுக்கும் ஒதவாது, என்ன மாதிரி."

எனக்கு வந்த கோபம்! மருதாணிக் கூம்பு ஒன்று செய்து அதில் கறுப்பு பெயிண்டை ஊற்றி, பெட்டிப் படத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பிழிந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குழலைப் பிடித்து மெதுவாக உருட்டிக் கொடுத்தார்.

எழுத்து கோணல். தூரத்தில் தெரியாது.

ஜன. 29, வியாழன்
முருகேசன் அண்ணன் வந்தார். ஷார்ஜாவில் இவரோடு ஒரே ரூமில் இருந்தவர், இப்போது சிதம்பரத்தில் செல்போன் கடை. சென்னையிலிருந்து மருந்துக்குழல் வரவழைத்திருந்தார். ராக்கெட் இடுப்பில் நூல் கட்டி, நேராகப் பறக்குமா என்று மாடியில் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தார். வால் முன்னால் வந்தது.

"இறக்கை கனம் ஜாஸ்தி மச்சான். மூக்கு கனக்கணும். இல்லன்னா தலைகீழா வந்து நம்ம மேலயே வுழும்."

மூக்குக்குள் களிமண் அடைத்தோம். மறுபடி சுழற்றினார். மூக்கு முன்னால்!

கீழிருந்து பக்கத்து வீட்டுப் பெண்: "என்னாக்கா, காக்கா வெரட்டுறீங்களா?" இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது. இருந்தாலும் சிரிப்பு.

பெட்டியில் இருந்த பாராசூட் தொட்டதும் கிழிந்தது. என் பச்சை ஷிஃபான் துப்பட்டாவை வெட்டித் தைத்தேன்.

"பறக்கவுட்டு ஒடஞ்சிட்டா? இன்னொண்ணு கெடைக்காதுங்களே."

"பெட்டியிலயே இருந்து என்னா பண்ணப்போவுது?"

பிப். 1, ஞாயிறு
குறிஞ்சிப்பாடி. முருகேசன் அண்ணன் நிலம், நெல் அறுப்பு முடிந்து வெறும் அடித்தாள். போலீஸ் ஸ்டேஷனில் முன்பே சொல்லி வைத்திருந்தார். இவருக்கு நாற்காலி, கையில் பட்டன். நாங்கள் தள்ளி நின்றோம்.

முதல் தடவை ஒன்றுமே இல்லை. கொஞ்சம் புகை. இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. "வயரு சரியா ஒக்காரல மச்சான், இரு." அண்ணன் மறுபடி மாட்டினார். இவர் பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீறல். பனைமரத்துக்கும் மேலே, இன்னும் மேலே. பச்சைத் துப்பட்டா விரிந்தது. நான் கத்திவிட்டேன் போல. "தங்கச்சி, ஊரே திரும்பிப் பாக்குது!"

காற்று வாய்க்கால் பக்கம் தள்ளியது. ஓடினேன். செருப்பு எங்கே போனதோ. வாய்க்காலில் இறங்கினேன், முழங்கால் வரை சேறு. ஓர் இறக்கை உடைந்திருந்தது, மற்றபடி முழுசு. எடுத்துத் திரும்பினால் கரைமேல் இவர். நாற்காலியை விட்டு, தடியை ஊன்றி, வரப்பு முழுக்க நடந்து வந்திருக்கிறார். அண்ணன் பின்னால், பிடிக்காமல்.

என்னைப் பார்த்து வலது கையை நீட்டினார். கரையேற்றத்தான் என்று நினைத்தேன். நானும் கையை நீட்டினேன்.

"ஒன் கைய யாரு கேட்டா? ராக்கெட்டக் குடு மொதல்ல."

கொடுத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக மூடின. விழவில்லை.

வாய்க்காலிலிருந்து நானேதான் ஏறி வந்தேன்.