கேட்காமல் சொன்ன கதை

அக்கா,

இன்று உங்கள் பையைத் திறந்தேன். மார்க்கர் பேனா ஒன்று மூடி கழன்று கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இல்லை என்பதைப் போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வேலை பார்க்கிற இடத்தில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். மற்றவர்களைப்போலத் திரை கட்டிப் படம் காட்டியதில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நிற்பீர்கள். யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று சார்ட்டில் புள்ளி வைப்பது என் வேலை. வாய் திறக்க வேண்டியதில்லை என்பதால்தான் உங்களோடு வந்தேன்.

"எங்ககிட்ட சாதியெல்லாம் யாரும் பாக்குறதில்லைங்க" என்றார் கீரனூர்ப் பக்கத்து மில் மேனேஜர்.

"சந்தோசம் சார். அப்ப இன்னைக்கு அங்கிட்டுப் போயி, கூட்டுற அம்மாக்களோட உக்காந்து சாப்பிடுங்க" என்றீர்கள்.

"இன்னைக்கு வெரதங்க."

"வெரதமா? டிபன் பாக்ஸ்ல முட்டை இருக்கே!"

அந்த அம்மாக்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னை முன்னால் நிற்கவைத்து, ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட காரணத்தை அத்தனை பேரிடமும் சொன்னீர்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு கைதட்டினார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில், "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றீர்கள்.

"என்னையக் கேக்காம ஏங்க்கா சொன்னீங்க?"

புதுக்கோட்டையில் இறங்கும்போது, "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லப் போயி ஒன்னைய பொம்மையாக்கிட்டேன். தப்புடி" என்றீர்கள். எழுதிக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து என்னைப் பற்றிய பக்கங்களை மறுநாளே எடுத்துக் கொடுத்தீர்கள். "இது ஒன்னோடது. வச்சுக்க, கிழி, என்னமும் செய்யி."

இன்று காலையில் அதே மில்லிலிருந்து போன். "நீயே வாம்மா. பயிற்சியெல்லாம் வேணாம். அன்னைக்கு அந்தம்மா சொன்னாங்கள்ல, ஒன் கதை, அதைச் சொன்னாப் போதும்."

"சார்ட்டோட வாரேங்க. கதை சொல்ல மாட்டேன்" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்துவிட்டார்கள். இனிக் கூப்பிட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வேறு வேலையும் கைவசம் இல்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

உங்களைப் பற்றி எழுதித் தரும்படி உங்கள் நண்பர்கள் கேட்டதால்தான் இந்த மடல். பலரும் படிப்பார்களாம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். அதை எழுதினால் படிக்கிறவர்கள் உருகிப்போவார்கள்.

எழுதட்டுமா என்று உங்களைக் கேட்க வழியில்லை. அதனால் எழுதவில்லை. உங்கள் பெயரையும்.