பதினான்கு முறை கேட்ட கேள்வி

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்றும் ஹாஜிரா பீயின் பதிவுகள்தான். ஹெட்போன் அழுத்தி அழுத்திக் காது மடல் எரிகிறது.

ஒருநாள் நானே திரும்பப் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதி வைக்கிறேன். எங்கள் ஆய்வின் தலைப்பு மூன்று வரி வரும். சுருக்கமாக: நடமாட முடியாமல் வீட்டோடு இருப்பவர்கள், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போக முடியாதவர்கள், மனதில் இருப்பதைச் சொல்ல போனில் ஒரு செயலி. 'ஆறுதல்' என்று பெயர். அவர்கள் பேசுவார்கள், அது பதில் பேசும். பேசியதைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. கண் தெரியாதவளுக்குக் காது கூர்மையாக இருக்கும் என்று பேராசிரியர் ஸ்ரீரங்கன் என்னை எடுத்தார். அப்படி ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இருக்கும் காதுதான்.

ஹாஜிரா பீக்கு ஐம்பத்தெட்டு வயது. ராயப்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜரி வேலை செய்தவர். ஐந்து வருடம் முன்பு படியில் உருண்டு விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. இன்றைய பதிவில் செயலியிடம் கேட்கிறார்:

"எனுக்கு ஒண்ணுக்கு அடங்கறதில்ல. டியூபு போட்டு பை மாட்டிக்கீது. இந்த ஒடம்ப வெச்சிக்கினு தொழுவலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

அதற்கு அந்த வழவழப்பான பெண்குரல்: "உங்கள் வலியை நான் உணர்கிறேன். சோதனைகள் நம்மைப் பக்குவப்படுத்துகின்றன. இப்போது மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்."

அவர் மூச்சை இழுப்பது பதிவில் கேட்கிறது. சொன்ன பேச்சைக் கேட்டு, ஒழுங்காக இழுக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

10 ஜூலை, வியாழன்

எண்ணிப் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து பதினான்கு முறை. கேள்வி ஒன்றுதான், சொற்கள்தான் வேறு. ஒருநாள் கோபமாக. ஒருநாள், மகள் மஹ்விஷ் அடுப்படியில் இருக்கும்போது, கிசுகிசுப்பாக. ஒருநாள் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு, "அவன் என்ன மறந்துட்டானா, நான் அவன மறந்துட்டேனா" என்று மட்டும்.

ஏன் வேறு யாரையும் கேட்கவில்லை? அதுவும் பதிவில் இருக்கிறது. "பள்ளிவாசல் ஹஜ்ரத்து ஆம்பள. அவராண்ட எப்டி இத்த கேக்கறது? நீ மெசினு. உங்கிட்ட இன்னா வெக்கம்?"

சார் இந்தப் பதிவுகளுக்கு வைத்திருக்கும் குறியீடு 'ஆழ்ந்த ஈடுபாடு'. பதில் கிடைக்காமல் ஒரு மனுஷி திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டுகிறாள், அதற்குப் பெயர் ஈடுபாடு!

சாரிடம் போய்ச் சொன்னேன். விஷயம் தெரிந்த ஒருவரை விட்டு அவருக்குப் பதில் சொல்லச் செய்யலாமா என்று கேட்டேன்.

"தங்கபுஷ்பம், நாம பாத்துண்டு மட்டும் இருக்கணும். உள்ள கைய வெச்சோம்னா டேட்டா கெட்டுப்போயிடும். செப்டம்பர் வரைக்கும் பொறுத்துக்கோம்மா."

"சரி சார்" என்றேன்.

ஏன் சரி என்றேன்?

19 ஜூலை, சனி

சார் என் முழங்கையைப் பிடித்து லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டே போனார். வேண்டுமா என்று கேட்கவில்லை. அடையாறு அலுவலகத்தில் ஒன்றரை வருடமாகத் தனியாக நடக்கிறவள் நான். கை ஈரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தி.நகரில் கருத்தரங்காம், மேடையில் நானும் உட்கார வேண்டுமாம். என்ன பேச வேண்டும் என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். இருந்தாப் போறும்."

25 ஜூலை, வெள்ளி

அவசரமாகத் தட்டுகிறேன். தப்பும் தவறுமாகத்தான் வரும். பரவாயில்லை.

சார் அந்தப் பதிவைப் போட்டார். மேடையில். ஸ்பீக்கரில். 'ராயப்பேட்டையைச் சேர்ந்த, ஐம்பத்தெட்டு வயதான, ஜரி வேலை செய்த ஒரு பெண்மணி' என்று அறிமுகம். பெயர் மட்டும் சொல்லவில்லை, அதைப் பெரிய நாகரிகம் போல அழுத்திச் சொன்னார். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்களே!

பிறகு ஹாஜிரா பீயின் குரல். டியூபு. பை. ஒண்ணுக்கு அடங்கறதில்ல. எல்லாம். குளிர்ந்த ஹாலின் நான்கு மூலையிலிருந்தும். முன்வரிசையில் யாரோ "ச்சோ" என்றார். பின்னால் ஒரு ஸ்பூன் கப்பில் சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. பதிவில் ஹாஜிரா பீ மூச்சை இழுத்ததும் சார் ஒலியை நிறுத்தினார். "இதுதான் நம்ம ஆய்வோட ஆன்மா" என்றார். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதார். நடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கைதட்டல் நீண்ட நேரம் வந்தது. நான் பக்கத்து நாற்காலியில், வாங்கி வைத்த பொம்மை மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அம்மாள், குலாப்ஜாமூன் பிசுபிசுக்கும் விரலோடு என் கன்னத்தைத் தடவினார். "உங்களையெல்லாம் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கும்மா, எவ்ளோ கொற சொல்றேன் நானு."

26 ஜூலை, சனி

குளித்தேன். அரை மணி கழித்து மறுபடி குளித்தேன்.

28 ஜூலை, திங்கள்

சாரிடம் கேட்டுவிட்டேன். குரல் வெளியே போகாது என்றுதானே சொன்னோம் என்று.

"ஒன்பதாவது ஷரத்து என்ன சொல்றது?"

ஸ்கிரீன் ரீடரில் சம்மதப் படிவத்தைத் திறந்து கேட்டேன். 'பதிவுகள் கல்வி நோக்கத்துடன் பொது நிகழ்வுகளில் பயன்படுத்தப்படலாம்.'

"அவாகிட்ட படிச்சுக் காட்டினது நீதானே?" என்றார். கோபமே இல்லாத குரலில்.

ஆமாம். நான்தான். ஏப்ரல் வெயில், கரண்ட் வேறு இல்லை. படிவம் பதினொரு பக்கம். நான்கு பக்கம் படித்துவிட்டு, "மத்ததெல்லாம் வழக்கமா இருக்கறதுதாம்மா, உங்க குரல் வெளிய போகாது" என்று சொன்னதும் நான்தான். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாளாக அந்த ஆளை நினைத்து அருவருத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் நாக்கை நினைத்தாலும் அதேதான்.

30 ஜூலை, புதன்

ராயப்பேட்டை போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் படிக்காமல் விட்ட பக்கங்களையும்.

மஹ்விஷ்தான் கத்தினாள். "எங்கம்மா இன்னா உங்களுக்கு சினிமாவா?" அவளை அடக்கிவிட்டு ஹாஜிரா பீ கேட்டார்:

"எத்தினி பேரு?"

"நூத்தி இருபது பேர் இருக்கும்மா."

"ஆம்பளைங்க?"

"ஆமாம்மா."

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டே இருந்தது. ஹாஜிரா பீ சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னார். "உனுக்குக் கண்ணு தெரியாதேன்னுதான் உன் முன்னாடி அந்தப் பைய மூடாம ஒக்காந்துகினு இருந்தேன்."

கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்து வருகிறேன் என்றேன்.

"போ."

"அம்மா..."

"போன்னேன்ல."

31 ஜூலை, வியாழன்

பெருங்குடி கம்பெனியில் செயலியை எழுதிய முதஸ்ஸிரைப் போனில் பிடித்தேன். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் ஒரு மனிதரிடம் அனுப்பி வைக்கலாம், இரண்டு நாள் வேலை என்று மார்ச்சிலேயே அவன் சாரிடம் சொன்னானாம். "ஆய்வு முடியட்டும்னாரு புஷ்பம். நானும் விட்டுட்டேன்." அவனும் ஒரு 'சரி சார்'.

அவன் அக்கா வஜீஹா ஆலிமா. மார்க்கம் படித்தவர், பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். நான் எதையும் விளக்குவதற்கு முன்பே "வீடு எங்க?" என்று கேட்டார். மஹ்விஷிடம் அவரே பேசிக்கொண்டார்.

2 ஆகஸ்ட், சனி

வஜீஹா உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். படிக்கட்டில் நின்றால் எனக்குக் கேட்கும். அதனால் இறங்கித் தெருவுக்குப் போய், இரண்டு கடை தள்ளி, மிக்ஸி ரிப்பேர் கடைச் சத்தத்தில் நின்றுகொண்டேன். இத்தனை மாதத்தில் அவருக்கு நான் செய்த ஒரே மரியாதை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். "சட்டம் எல்லாருக்கும் பொது, அத உங்ககிட்ட சொல்லலாம். அடக்க முடியாதவங்களுக்கு ஒவ்வொரு தொழுக வக்துக்கும் ஒரு தடவ கை கால் மொகம் கழுவி வுஜூ பண்ணா போதும். பை இருந்தா இருந்துட்டுப் போகுது. உக்காந்து முடியலன்னா படுத்துக்கினே தொழலாம். இத சொல்ல அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"மீதி நேரம்?"

"திட்டினாங்க. இத்தன வருஷம் எங்கடி போயிருந்தீங்க எல்லாரும்னு."

ஐந்து வருடம். ஐந்து நிமிடம். பொறுத்துக்கோம்மா, டேட்டா கெட்டுப்போயிடும்.

த்தூ.

11 ஆகஸ்ட், திங்கள்

ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் புகார் கொடுத்துவிட்டேன். என் தவறையும் முதல் பத்தியிலேயே எழுதினேன். கூடவே ஹாஜிரா பீ உருதுவில் எழுதிய கடிதம்: என் குரலைத் திருப்பிக் கொடுங்கள், அழித்துவிடுங்கள். கடிதத்தை என் கையில் திணித்தபோது மஹ்விஷ் சொன்னாள், "உங்களுக்காவ எழுதல. அந்த ஆள சும்மா வுடக்கூடாதுன்னு எழுதினது."

மாலையில் சார் கூப்பிட்டார். "உன்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே நான்தான். மறந்துட்டியா?"

வெளிச்சத்துக்கு. என்னை. சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை.

18 செப்டம்பர், வியாழன்

குழுவின் கடிதம் வந்தது. ஹாஜிரா பீயின் பதிவுகள் எல்லாம் அழிக்கப்பட்டன. கருத்தரங்கு வீடியோவும் நீக்கப்பட்டது. முதஸ்ஸிர் சர்வரில் தேடிப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்தான்.

சாருக்கு 'அறிவுரை' வழங்கப்பட்டிருக்கிறது. ஆய்வு இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பு. மற்ற முப்பத்தோரு பேரின் குரல்கள் அவரிடமே. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை.

முப்பத்தோரு பேரில் எத்தனை பேருக்கு நான் படிவத்தைப் பாதியில் நிறுத்தினேன்? பத்தொன்பது. நம்பர்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. நாளையிலிருந்து ஒவ்வொருவராக.

27 செப்டம்பர், சனி

பதினெட்டு பேரிடம் சொல்லியாயிற்று. ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை. கோபாலபுரத்துக்காரர் ஒருவர், "தெரியும்மா, இவங்க எல்லாம் இப்படித்தான்" என்றார். இவங்க. நானும் சேர்த்துத்தான்.

14 அக்டோபர், செவ்வாய்

சாயங்காலம் ஹாஜிரா பீயிடமிருந்து போன். ஜூலைக்குப் பிறகு முதல் முறை. வணக்கமோ நலமோ எதுவும் இல்லை.

"எதிர் லைன்ல ஒருத்தி கீறா. சக்கர நோயில காலு எடுத்துட்டாங்கோ. எங்கிட்ட இன்னாவோ கேட்டா, எனுக்குப் பாதிதான் தெரியுது. அந்த ஆலிமாவ இட்டாந்து வுடு. நீயும் வா, ஆனா வெளியவே நில்லு."

"நிக்கிறேம்மா."

"அந்த போன் மெசினு..." என்று ஏதோ ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பக்கம் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது.

"சரி வைய்யி, வக்து ஆயிட்சி" என்று வைத்துவிட்டார்.

வஜீஹாவுக்குச் சொன்னேன். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வருகிறாராம்.